ஈசான்ய மூலைத் தண்ணீர்

எங்கள் தெரு ஆண்களின் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, உப்பு பார்க்கும் மீட்டர் இருக்கும். பார்க்க அதுவும் பேனா மாதிரிதான். தண்ணீரில் முக்கினால் ஒரு எண் காட்டும். காலையில் மோட்டார் போட்டதும் ஒரு முக்கு, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒரு முக்கு. பக்கத்து வீட்டுக்கு டீ குடிக்கப் போனால்கூட, கை கழுவுகிற சாக்கில் அவர்கள் குழாயில் ஒரு முக்கு. அவர்கள் எண் தன் வீட்டு எண்ணைவிட அதிகமாக இருந்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க முகத்தில் ஒரு களை. என்னவோ இவரே பூமிக்குள் இறங்கி, தன் மனைக்குக் கீழே இருந்த உப்பை அடுத்த மனைக்குத் தள்ளிவிட்டு வந்த மாதிரி.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் பிரிந்து கொஞ்சம் உள்ளே வந்தால் எங்கள் மனைப்பிரிவு. எல்லாம் அரை கிரவுண்டு. தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது. எங்கள் வரிசை வீடுகள் எல்லாமே வடக்குப் பார்த்தவை, ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்பவை. பஞ்சாயத்துக் குழாய் வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். அது வராததால் வீட்டுக்கு வீடு போர்வெல். பெரும்பாலும் கம்பெனிகளில் வேலை பார்த்து லோன் போட்டுக் கட்டியவர்கள். மாடியைத் தென்மாவட்டத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள்.

தண்ணீர் பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். பக்கெட்டில் பிடித்து வைத்தால் மறுநாள் ஓரமெல்லாம் வெள்ளை வளையம். ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டு, மீதித் துளை வழியாகச் சுவரைக் குளிப்பாட்டும். சோப்பு தேய்த்தால் நுரைக்குப் பதில் திரித்திரியாக ஏதோ வரும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் விறைத்துக்கொண்டு கிடக்கும். ஹீட்டரைக் கழற்றினால் உள்ளே சுண்ணாம்பு. தலை சீவினால் சீப்பில் பாதி முடி. இதையெல்லாம் எங்கள் தெருவில் போர்க்களத்துக்குப் போய்வந்த கதை மாதிரி சொல்வார்கள். யார் வீட்டு ஹீட்டர் சீக்கிரம் போனது என்பதில்கூட ஒரு போட்டி உண்டு.

நான் கார் சீட் தைக்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவள். ஒரு சீட்டில் தையல் விட்டிருந்தால் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வந்துவிட முடியாது. எந்த மெஷின், எந்த நூல், எந்த லைன் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாக வேண்டும். வருடக்கணக்கில் இதையே செய்து அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. கம்பெனியில் இதற்கு மரியாதை உண்டு. வீட்டில் இதற்கு நொட்டை சொல்வது என்று பெயர்.

என் மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தபோதுதான் இந்தத் தண்ணீர் விவகாரம் எனக்கு உயிர் விவகாரம் ஆனது. ஒரே மகள். கட்டிக்கொடுத்தது செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம். சம்பந்தியம்மாவுக்குத் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இருக்கிற கர்வம், தான் பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட இருக்காது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் குழாயில் கை கழுவிவிட்டு, விரலை விரலோடு தேய்த்துப் பார்த்து, "இன்னா சம்பந்தி, வறவறன்னு கீது" என்றவர். மகள் உண்டானது தெரிந்ததிலிருந்து அதே பாட்டு. உப்புத் தண்ணீரில் பிள்ளைத்தாய்ச்சிக்கு முடி கொட்டிவிடும், பச்சைக் குழந்தைக்குத் தோல் வெடித்துவிடும், பேசாமல் பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று வாரத்துக்கு ஒரு தடவை போன்.

எனக்கு அது ஆகாது. மகள் என் வீட்டில் வந்து படுக்க வேண்டும். என் கையால் அவளுக்குப் பத்தியச் சாப்பாடு போட வேண்டும். பிள்ளையை முதன்முதலில் என் காலில் போட்டு நான் குளிப்பாட்ட வேண்டும். வேறு எதற்கும் நான் அப்போது ஆசைப்படவில்லை. அதனால் உப்பை ஒழிப்பது என்று இறங்கினேன்.

கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தெருச் சங்கத் தலைவர். எங்கள் சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். நான் அவருக்கு சிஸ்டர், அவர் எனக்கு பிரதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவர் வீட்டு கார் நிறுத்துமிடத்தில், தண்ணீரின் உப்பை எடுக்கிற சாஃப்ட்னர் மெஷின் விற்கிறவன் கடை விரித்தான். ஒரு கண்ணாடி டம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்தான். எங்கள் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறியது. கேன் தண்ணீர் அப்படியே இருந்தது. தெருவே வாயைப் பிளந்தது. உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்ந்து அந்த இரும்புக் கம்பி கரைகிற அழுக்கு அது. இத்தனைக்கும் அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் இரும்போடு புழங்கிப் பிழைக்கிறவர்கள். ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் ஒன்றுதான் கேட்டேன். இந்த மெஷின் போட்டால் கிருமி போகுமா என்று. "மேடம், ஹார்ட்னெஸ் சுத்தமா போய்டும்" என்றான். கேட்டது வேறு, வந்த பதில் வேறு. இருந்தும் வாங்கினேன், மகளுக்காக. தெருவில் எல்லோருமே வாங்கினார்கள். அந்த மெஷினைக் கழுவுகிற உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய் விட்டு, காம்பவுண்டுச் சுவரோரம் மண்ணிலேயே விட்டோம். மேலே எடுத்த உப்பை எடுத்த இடத்திலேயே திருப்பி ஊற்றுவதற்கு ஒரு மெஷின், அதற்கு மாதத் தவணை. எங்கள் தெருவின் அறிவுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

ஆனால் சோப்பு நுரைத்தது. பருப்பு வெந்தது. சம்பந்தியம்மாவுக்கு போன் செய்து பருப்பு வெந்த சேதியை விலாவாரியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, வளையல் போட்டதும் அனுப்பிவைக்கிறேன் என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் இந்த ஏற்பாட்டில் எதிலும் சேரவில்லை. சமையலறையில் ஆர்.ஓ. இருக்கிறது. அந்தத் தண்ணீர் அவருக்குச் சப்பென்று இருக்கிறதாம். வாசல் பக்கத்துக் குழாயில், போரிலிருந்து நேராக வருவதைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, நம்ம போர் தண்ணி ருசியே வேற என்பார். இந்த வரிசையில் அநேகமாக எல்லா ஆண்களும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். அவரவர் போர், அவரவர் ருசி.

முதலில் படுத்தது மேற்குப் பக்கத்து வீட்டு மாடிப் பையன்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள். ஒருவனுக்குக் கண் மஞ்சளாகி நிற்க முடியாமல் போனது. அடுத்த வாரமே இன்னொருவனுக்கும். தெரு உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. கண்ட கடையில் தின்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடிக்கிறார்கள், காமாலை வராமல் என்ன செய்யும் என்று. வீட்டுச் சொந்தக்காரர், உடம்பு நல்லானதும் வாங்க தம்பி என்று அன்பாகச் சொல்லி அவர்களை ஊருக்குப் பஸ் ஏற்றினார். அவர் வீட்டில் சமைக்க, குடிக்க எல்லாமே கேன் தண்ணீர். மாடிக்கு மட்டும் போர் தண்ணீர்.

பையோடு ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தவனிடம் நான் போய்க் கேட்டேன். வெளியே எங்கே சாப்பிட்டீர்கள் என்று.

"எங்கயும் போகலக்கா. நாங்களே பொங்கித்தான் திங்கோம். குடிக்கதுக்கும் இந்தத் தண்ணிதான்."

பின்னாலேயே என் வீட்டுக்காரர் படுத்தார். சாப்பாடு வேண்டாம் என்றார், அதுவே எனக்கு அதிசயம். பிறகு கண்ணைப் பார்த்தேன். சபையிலிருந்து வந்தவர்கள் கீழாநெல்லியும் ஜெபமும் கொண்டுவந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், கக்கூஸ் தண்ணீர் குடிதண்ணீரில் கலந்தால் வருகிற காமாலை இது என்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மாசமாக இருக்கிற மகள் அடுத்த வாரம் வருகிறாள் என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "இது கர்ப்பிணிக்கு வந்தா தாய் உயிருக்கே ஆபத்தும்மா. அந்தத் தண்ணி சரியாகிற வரைக்கும் அவங்களை அங்க வரவிடாதீங்க."

அதுவரைக்கும் உப்பு உப்பு என்று நானும் இவர்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். உப்பு சீப்பில் முடியைக் கொடுக்கும், பருப்பை வேகவிடாது, அவ்வளவுதான். அது எவன் மகளையும் கொண்டுபோகாது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மொட்டைமாடியில் ஏறினேன். தையல் விட்ட சீட்டைப் பார்க்கிற மாதிரி தெருவைப் பார்த்தேன். மேலே நின்று பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எல்லா வீட்டிலும் வடகிழக்கு மூலையில் போர். எல்லா வீட்டிலும் வடமேற்கு மூலையில் செப்டிக் டேங்க், அதன் தலையில் காற்றுக் குழாய். வாஸ்து அப்படி. ஈசான்ய மூலையில் தண்ணீர், வாயு மூலையில் கழிவு. ஒவ்வொரு மனையையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றமே சொல்ல முடியாது. போர் ஒரு கோடியில், டேங்க் மறு கோடியில். ஆனால் என் வடகிழக்கு மூலை முடிகிற இடத்தில்தானே கிழக்கு வீட்டுக்காரரின் வடமேற்கு மூலை ஆரம்பிக்கிறது. என் போருக்கும் பிரதர் வீட்டு டேங்க்குக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். என் டேங்க்குக்கும் மேற்கு வீட்டுப் போருக்கும் நடுவில் இன்னொரு சுவர். போர், சுவர், டேங்க்; போர், சுவர், டேங்க் என்று தெருக் கோடி வரைக்கும் அப்படியே போனது. வரிசையில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

இதில் முக்கால்வாசிப்பேர் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர்கள். ஜாதகம் பார்ப்பதைப் பாவம் என்று பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொல்கிறவர்கள். போர் போட்ட அன்றைக்குப் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபித்துத்தான் ஆரம்பித்தோம். ஆனால் ஜெபித்த இடம் ஈசான்ய மூலை. வேதத்தில் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு நான் கேட்டதற்கு, மேஸ்திரி சொன்னா கேட்டுக்கணும் என்று என் வீட்டுக்காரர் அதட்டினார். எல்லா வீட்டுக்கும் அதே மேஸ்திரி.

சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். அதே கார் நிறுத்துமிடத்தில் கூடினார்கள். தரையில் சாக்பீஸால் வரிசையாகக் கட்டம் போட்டு, போருக்கு ஒரு வட்டம், டேங்க்குக்கு ஒரு பெருக்கல் குறி என்று வரைந்து காட்டினேன். கம்பெனியில் இதே படத்தைப் போட்டிருந்தால் அப்போதே லைனை நிறுத்தியிருப்பார்கள். இங்கே எல்லோரும் படத்தைப் பார்க்காமல் சாக்பீஸ் தூள் டைல்ஸில் படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்கு வீட்டுக்காரர், பையன்கள் மெஸ்ஸில் தின்றதுதான் காரணம் என்று பழைய தீர்ப்பையே வாசித்தார். ஒருவர் எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் பிடித்து, மீட்டரை முக்கி, நம்பர் நல்லாத்தான் கீது என்று எல்லோருக்கும் காட்டினார். அந்த மீட்டர் உப்பைத்தான் எண்ணும், மலத்தை எண்ணாது என்று வெளிப்படையாகவே சொன்னேன். பெண்பிள்ளை வாயில் அந்தச் சொல் வந்ததுதான் அவர்களுக்குப் பெரிய அசிங்கமாகப் போயிற்று. இன்னொருவர் ரொம்ப யோசித்துவிட்டு, அப்படின்னா ஈசான்யத்துல டேங்க் கட்டச் சொல்றீங்களா என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த பயத்தைக் காமாலை வந்தவன் முகத்தில்கூட நான் பார்க்கவில்லை.

தலைவர் கடைசியாகப் பேசினார். அவர் பேசினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

"இன்னா சிஸ்டர் பேசறீங்க. என் டேங்க் கட்னதுலேர்ந்து ஒரு வாட்டிகூட ரொம்பினதில்ல. லாரிக்காரன் என் வூட்டு வாசலை மிதிச்சதில்ல. அப்டி ஒரு டேங்க்."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்னுதும் ரொம்பல, என்னுதும் ரொம்பல என்று ஆளுக்கு ஆள். எங்கள் வீட்டு டேங்க்கும் நிரம்பியதில்லைதான். அடியில் தளம் போடாமல் வெறும் சிமெண்ட் உறையை இறக்கி மூடியிருந்தால் எப்படி நிரம்பும்? இத்தனை குடும்பங்கள் இத்தனை வருடம் போனதெல்லாம் எங்கே போயிற்று என்று ஒரு மனிதனுக்கு யோசனை வரவில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அங்கேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பினால் அதுவும் என் போருக்குத்தான் வரும்.

வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தபடியே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஆள் வைத்து எங்கள் டேங்க்கை உடைத்தேன். நினைத்தபடியே அடியில் மண். தளம் போட்டு, சுற்றிப் பூசி, மூடினேன். வேலை நடந்த நாளெல்லாம் மேற்கு வீட்டுக்காரர் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பூசியது அவர் வீட்டுத் தண்ணீருக்காக என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. என் தண்ணீருக்கு பிரதர் மனசு வைக்க வேண்டும். போய்க் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். ஆகிற செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவருக்குச் செலவு பிரச்சினை இல்லை. பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வாயு மூலையை இப்போது தோண்டினால் கல்யாணம் தட்டிப்போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் முடியட்டும் சிஸ்டர், ஆண்டவர் சித்தம் இருந்தா பாக்கலாம் என்றார்.

ஆர்.ஓ. இருக்கிறதே, காய்ச்சிக் குடிக்கலாமே, கேன் போடலாமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். குடிப்பது சரி. பல் தேய்க்கிற தண்ணீர், தட்டு கழுவுகிற தண்ணீர், கீரை அலசுகிற தண்ணீர், ஈரக் கையோடு எடுத்துச் சாப்பிடுகிற பழம். இத்தனையிலும் ஒரு தடவைகூடத் தவறாமல் யார் பார்ப்பது? வாசல் குழாயில் ருசி பார்த்துக் குடித்த மனிதர் எனக்கு வழி சொல்கிறார்.

சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். தெருப் பெயர் கெட்டுவிடும், காமாலை என்று சொல்லாதே என்று என் வீட்டுக்காரர் சைகை காட்டினார். நான் காமாலையையும் சொன்னேன், டேங்க்கையும் சொன்னேன், டாக்டர் சொன்னதையும் சொன்னேன். சம்பந்தியம்மா காதில் எது விழுந்ததோ, உங்க தண்ணி ஆகாதுன்னு நான் அப்பவே சொன்னேனே சம்பந்தி, உப்பு பொல்லாதது என்றார். ஆமாம் என்றேன். அந்த அம்மாவிடம் ஆமாம் என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மகள் போனை வாங்கினாள். துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டாளாம்.

"நான் காய்ச்சின தண்ணிதாம்மா குடிப்பேன். ஜாக்கிரதையா இருந்துக்குவேன். நான் வரேன்மா."

"வராத கண்ணு."

 அவள் போனை வைத்துவிட்டாள். இத்தனை மாதம் வா வா என்று சண்டை போட்ட வாயாலேயே அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, போர் மூடியின் மேல் உட்கார்ந்து அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிரதர் பாட்டுப் பாடிக்கொண்டு கார் கழுவிக்கொண்டிருந்தார்.

பேரன் செம்பரம்பாக்கத்தில் பிறந்தான். சம்பந்தி வீட்டில் போய்த் தங்கிப் பிள்ளை பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. விருந்தாளி மாதிரி போய்விட்டு விருந்தாளி மாதிரி வர வேண்டியதுதான். நான் போன அன்றைக்குப் பின்கட்டில் மணைபோட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, என் பேரனைத் தன் காலில் போட்டு சம்பந்தியம்மா குளிப்பாட்டினார். நான் பக்கத்தில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நுரையைப் பாருங்க சம்பந்தி என்று காட்டினார். பார்த்தேன். நல்ல நுரைதான். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்துச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நனைந்த பிள்ளையைத் துண்டில் வாங்கி, துடைத்து, மகளிடம் கொடுத்தேன். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. பிரதர் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பையன் கல்யாணம் இன்னும் கூடிவரவில்லை. டேங்க்கையும் யாரும் தொடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்தோத்திரம் சொல்லி, பேரன் யார் ஜாடை என்று விசாரித்தார். பிறகு உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"பேரனை எப்போ இங்க கூட்டினு வரப்போறீங்க சிஸ்டர்?"

"உங்க டேங்க் ரொம்பற அன்னைக்கு, பிரதர்."

 அவர் சிரிக்க ஆரம்பித்தார். தொடையில் தட்டிக்கொண்டு, பெருமை தாங்காமல் சிரித்தார்.

"அப்போ அவன் வரவே மாட்டான்னு சொல்லுங்க" என்றார்.